துரை மகனுக்கும் துணை

"எம்புட்டுப் படிச்சாலும் இவ ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்ட மாட்டா" என்று இராஜபாளையத்தில் சித்தப்பா சொன்னார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்.

அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறேன். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் மதுரை பஸ்ஸின் முதுகில் அடுப்பு புகைகிறது. இன்று டிரெயினிங் ஸ்கூலில் சேராவிட்டால் என் இடம் போய்விடும். பஸ் கம்பெனி ஏஜெண்டோ, துணையில்லாத பெண்ணுக்கு டிக்கெட் கிழிக்க மாட்டாராம்.

"தனியா எங்கம்மா போறே?"

"டூர் போறேன்."

"டூருன்னா கலெக்டர் துரையில்ல போவாக?"

பிரெஞ்சுக்காரர் சொல் அது, சுற்றி வருவது என்று பொருள் என்கிறேன். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பிரபுக்களின் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் பிரான்சு, இத்தாலி என்று வருஷக்கணக்கில் சுற்றினார்களாம். அதற்குக் 'கிராண்ட் டூர்' என்று பெயர். அவர்களை யாரும் ஊர்சுற்றி என்று சொல்லவில்லை. பிள்ளை கெட்டுப்போகாமலிருக்கச் சம்பளத்துக்கு ஒரு துணையும் போகும் என்று வாய்தவறிச் சொல்லிவிடுகிறேன்.

ஏஜெண்டுக்கு முகம் மலர்கிறது. "பாத்தியா! துரை மகனுக்கே துணை வேண்டியிருக்கு."

"அந்தத் துணை ஒரு வாத்தியாருங்க. நானும் வாத்தியாராகத்தான் மதுரைக்குப் போறேன். எனக்கு நானே துணையா வாரேன்."

வரிசையில் சிரிப்பு. ஏஜெண்டு சிரிக்காமல் டிக்கெட்டைக் கிழிக்கிறார்.

இதை எழுதும்போது பஸ் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டிவிட்டது. சித்தப்பாவின் எல்லை பின்னால் கரிப்புகைக்குள் கிடக்கிறது.