வண்டிக்கு ஒண்ணுமில்ல

பழனி மாமாவின் கையில் ஒரு காரின் கதவுக் கைப்பிடி இருந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

முழங்காலுக்கு மேல் சிவப்புச் சேறோடு அவர் கோயில் மண்டபத்துக்குள் வந்தபோது மற்றவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். நான் கையைப் பார்த்தேன். பல்பொடி போட்டு நானே தேய்த்துப் பளபளப்பாக்கிய கைப்பிடி அது. கதவு சரியாகப் பொருந்துகிற நாளில்தான் மாட்டுவேன் என்று சொல்லி, தியாகு அண்ணன் அதைத் தன் காற்சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

"அவரு எங்க, மாமா?" என்று அண்ணனின் மனைவி ராணி அக்கா கேட்டார்.

மாமா கைப்பிடியை நீட்டினார். அக்கா அதை வாங்கவில்லை. நான் எழுந்துபோய் வாங்கிக்கொண்டேன். இரும்புதான், ஆனால் அவர் பிடித்திருந்த பிடியில் சூடேறியிருந்தது.

கருமாதிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு தாள் அச்சடிக்கவேண்டும் என்று முடிவானதும் ராணி அக்கா என்னிடம் வந்தார். "அந்தக் கொட்டகையில அவருகூட இருந்தது நீதானே. பேசத்தான் மாட்ட, எழுதவாவது செய்வியா?" என்றார். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். பெரிய எழுத்து எனக்கு வராது. ஆனாலும் எழுதுகிறேன். பூண்டுலோயா கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் போனிலும் ஒரு பேச்சு சுற்றுகிறது. "பழைய காரக் காப்பாத்தப் போயி உசுர விட்டான்" என்கிறார்கள். அது அப்படி இல்லை. அவரை அறிந்த நீங்களாவது சரியாக அறிந்திருக்கவேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர் அவர். அந்தக் கார், பழைய பெரிய துரை பங்களாவின் பின்பக்கம் முருங்கைக் கட்டைபோல உளுத்துக் கிடந்தது. ஜப்பான்காரன் பந்தயத்துக்கென்று செய்த கார். இரண்டு கதவு, இரண்டே சீட்டு, நீளமான மூக்கு. பங்களாவை ஹோட்டலாக மாற்ற வந்தவர்கள், தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். மலைச்சரிவில் வரிசையாக நிற்கும் எங்கள் மேல் லயத்து வீடுகளில், தன் காம்பராவை ஒட்டித் தகரக் கொட்டகை அடித்து, தரைக்குச் சீமெந்து போட்டு, நான்கு ரயில் சிலீப்பர் கட்டைகளின்மேல் அதை ஏற்றி வைத்தார் அண்ணன். லயமே வேடிக்கை பார்த்தது. அன்றைக்குப் பழனி மாமா சொன்னதைப் பலபேர் மறந்திருக்கமாட்டீர்கள்.

"ஏன்டா தியாகு, ஒங்க வீட்டுல நாலு பேரு. இதுல ரெண்டு சீட்டு. யார விட்டுட்டுப் போவ?"

"ஒங்களத்தான் மாமா" என்றார் அண்ணன். "ஒங்கள விட்டுட்டுப் போறதுக்குத்தான் இம்புட்டு வேகமான வண்டி."

மாமா சிரித்துச் சிரித்து இருமினார். அதற்குப் பிறகு கொட்டகையைக் கடக்கும்போதெல்லாம் "யார விட்டுட்டுப் போறதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்பார். இப்போது மாமா யாரிடமும் எந்தக் கேலியும் பேசுவதில்லை.

சீட்டு தைக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் வீட்டில் பாவாடை சட்டை தைக்கிறவள், கார் சீட்டைத் தொட்டதில்லை. அண்ணன் பழைய சீட்டின் கிழிந்த உறையை என்முன் வைத்து, "இத எப்பிடித் தைக்கிறதுன்னு எனக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியாது. சரியாப் போச்சு" என்றார். உறையைப் பிரித்து, காகிதத்தில் வெட்டி, ரெக்சினில் தைத்தேன். மூன்றாவது தடவை சுருக்கமில்லாமல் வந்தது. என் தையல் மெஷினைக் கொட்டகைக்கே தூக்கிக்கொண்டு போனோம். நான் பேசாமல் தைப்பேன். அவர் பேசிக்கொண்டே தட்டுவார். நான் எப்போதாவது ஏதாவது சொன்னால் தட்டுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து கேட்பார். "ஒன் கொரலு நூலு மாதிரி தங்கச்சி. அந்துபோகாது, ஆனா இருக்குறது யாருக்கும் தெரியாது" என்பார். அந்த ஒரு ஆளிடம்தான் எனக்குச் சொல்லத் தோன்றும்.

அவர் அடிக்கடி சொன்ன இன்னொரு பேச்சு இது: "இஞ்சின் ஏமாத்தும், பெயிண்ட் ஏமாத்தும். கதவு ஏமாத்தாது." வண்டியின் உடம்பு எங்கேயாவது முறுக்கியிருந்தால் கதவின் ஓரத்தில் தெரிந்துவிடும். இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கவேண்டும். அதை அளக்க என் ரெக்சின் துண்டு ஒன்றை மடித்து வைத்திருந்தார். மடித்த துண்டு இறுக்கமாக, ஆனால் முழுவதும் போய்வர வேண்டும்.

கதவுகளுக்குக் கீழே ஓடும் தகரம் துருவில் போய்விட்டதால் அதை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடித்தார். முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மழை பிடித்த பிறகு ஒருநாள் ரெக்சின் துண்டு கதவின் மேற்பக்கம் தாராளமாகப் போனது, கீழே சிக்கியது. அண்ணன் குனிந்து கதவின் அடித் தகரத்தைத் தடவிப் பார்த்தார். "தகரத்த வெட்டுறப்ப குறுக்குக் கம்பி குடுக்காம விட்டேன். வண்டி எறங்கிருச்சு" என்றார். வெல்டிங்கை உடைத்து, குறுக்கே கம்பி கொடுத்து, மறுபடி அடித்தார். சரியானது. அடுத்த கிழமை திரும்பவும் சிக்கியது. இந்தத் தடவை மற்றக் கதவும்.

அவருக்குச் சாப்பாட்டில் மனம் போகவில்லை. லொறியை நிறுத்தியதும் நேராகக் கொட்டகைக்கு வருவார், ரெக்சின் துண்டை எடுப்பார். "என் கையிலதான் கோளாறு" என்பார். அந்தக் கிழமைகளில் வேறு என்னென்ன நடந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ராணி அக்காவின் அறைக் கதவு மூடவில்லை. இழைப்புளி வைத்து அடியைச் சீவினார்கள். பக்கத்துக் காம்பராவிலும் கதவு தரையில் உரசியது. எங்கள் வீட்டில் அம்மா தோளால் தள்ளித்தான் திறப்பார். "மழைக்கு மரம் ஊதிருச்சு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். மலை ஊற்றுப் பீலியில் தண்ணீர் தேயிலைச் சாயம்போல வந்தது. மழைக்கு அப்படித்தான் வரும் என்றோம். லயத்தில் ஒவ்வொரு கதவும் சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் மரத்தின்மேல் போட்டோம். அண்ணன் தன்மேல் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு மழை விடவே இல்லை. பாதிப்பேர் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்தார்கள். மீதிப்பேர் லயத்தில் இருந்தோம். மத்தியானம் தாண்டி, அண்ணன் லொறியை நிறுத்திவிட்டு வந்து தட்டிக்கொண்டிருக்க, நான் தைத்துக்கொண்டிருந்தபோது என் நூல்கட்டை கீழே விழுந்தது. அது எப்போதும் விழும். விழுந்தால் உருண்டு வாசலுக்குப் போகும். தரை கழுவினால் தண்ணீர் ஓடவேண்டும் என்று அண்ணன் வாசல் பக்கம் கொஞ்சம் சரித்துத்தான் சீமெந்து போட்டிருந்தார். நான் வழக்கம்போல வாசலில் தேடினேன். இல்லை. அது உள்ளே, மலைப்பக்கத்துச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் மலைப்பக்கம் போனது.

"அண்ணே" என்றேன். தகரத்தில் சுத்தியல் விழுந்துகொண்டிருந்ததில் கேட்கவில்லை. பக்கத்தில் போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நூல்கட்டையை அவர்முன் தரையில் வைத்தேன். அது போவதை அவர் பார்த்தார். எழுந்து இன்னொரு இடத்தில் அவரே வைத்தார். பார்த்தார். கார்க் கதவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் கண்டேன். அதைத்தான் என்னால் மறக்கமுடியவில்லை.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல, தங்கச்சி" என்றார்.

சொல்லி முடிக்கும்போதே அந்த நிம்மதி முகத்தை விட்டுப் போய்விட்டது. வெளியே ஓடிக் கொட்டகையின் பின்பக்கம் பார்த்தார். அவருடைய போஞ்சிப் பாத்தியின் நடுவே தரை பிளந்திருந்தது. மழைத் தண்ணீர் அதில் தேங்கவில்லை, உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் லயத்து வாசலில் நின்று கத்தினார்: "மல எறங்குது. எல்லாரும் வெளிய வாங்க, மல எறங்குது."

வெளியூரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு மலை என்றால் கொழுந்து எடுக்கிற இடம். மலை இறங்குவது என்றால் வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்புவது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒருவரும் பயப்படவில்லை. எங்கள் அம்மா, "இன்னிக்கு நேரத்தோட விட்டுட்டாங்களாக்கும்" என்று சொல்லிக்கொண்டே, நனைந்து வருகிறவர்களுக்காக அடுப்பில் கேத்தலை வைத்தார். அடுத்தடுத்த காம்பராக்களிலும் அதையேதான் செய்தார்கள். மழைக்குள் ஒவ்வொரு கூரையிலிருந்தும் புகை எழும்பியது. நான் ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, "அது இல்லம்மா, அது இல்ல" என்றேன். 

புகையைப் பார்த்த அண்ணனுக்குப் புரிந்தது. கத்துவதை நிறுத்தினார். பையிலிருந்து கைப்பிடியை எடுத்து முதல் காம்பராவின் தகரம் அறைந்த மரக்கதவில் அடித்தார். கதவு திறந்ததும் ஒன்றும் விளக்காமல், இருந்தவர்களைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். அடுத்த கதவு. அடுத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் கோயிலை நோக்கி இறங்கினோம். ராணி அக்கா பிள்ளைகளோடு எங்களுக்கு முன்னால் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பழனி மாமா சொல்லித்தான் அறிந்தேன். மாமா கால் வீக்கத்தோடு படுத்திருந்திருக்கிறார். அண்ணன் அவரைத் தூக்கி வாசலில் விட்டிருக்கிறார்.

"என்னடா, என்னைய விட்டுட்டுப் போகலியா?" என்று மாமா அப்போதும் கேட்டிருக்கிறார்.

"கேலிக்கு நேரமில்ல மாமா. மெல்ல நடந்து கீழ் லயத்துக்குப் போங்க. கத்தாதீங்க, கத்துனா டீ போடுவாங்க. இத வச்சுத் தட்டுங்க." கைப்பிடியைக் கொடுத்துவிட்டு, "கடேசி ரெண்டு காம்பராவையும் பாத்துட்டு வந்துர்றேன்" என்று திரும்பியிருக்கிறார். மாமா கீழ் லயத்தைத் தட்டி முடிப்பதற்குள் மேல் லயம் மண்ணோடு சரிந்துவிட்டது.

கடைசி இரண்டிலும் இருக்கிறவர்கள் கொழும்பில் வேலை செய்கிறார்கள். ஒரு வீட்டுப் பெண் மட்டும் இடையிடையே கைக்குழந்தையோடு வந்துபோவாள். வந்தால் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு தூங்குகிறவள். அன்றைக்கு வந்திருக்கிறாளா என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. அவள் வந்திருக்கவில்லை. செய்தி கேட்டுத்தான் வந்தாள். கோயில் மண்டபத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கார் கீழே தேயிலைக்குள் கவிழ்ந்து கிடந்தது. அண்ணன் அதன் பக்கத்தில் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் காம்பராக் கதவுக்கு அடியில்தான் கிடைத்தார். தோண்டியவர்கள் தங்கள் பெயரைச் சொல்லி இதற்குச் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார்கள். காருக்காகப் போனான் என்று இனி யாராவது சொன்னால், இதைச் சொல்லுங்கள்.

அவருடைய பொருளென்று என்னிடம் இருப்பது அந்தக் கைப்பிடி மட்டும்தான். ராணி அக்கா வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அவருடைய பேச்சிலிருந்து ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறேன், கதவு ஏமாத்தாது என்பதை.

இந்தத் தாளை இதோடு முடித்திருப்பேன். ஆனால் நேற்று, தோட்டத்து நிர்வாகத்தார் எங்களையும் இன்னும் சில குடும்பங்களையும் கீழ் லயத்தின் காலிக் காம்பராக்களில் போய் இருக்கச் சொன்னார்கள். சரிந்தது மேல் பக்கம்தான், கீழ் லயத்துக்கு ஒன்றுமில்லை, பார்த்தாகிவிட்டது என்றார்கள். மண்டபத்தில் படுத்து அலுத்துப்போன எல்லோருக்கும் சந்தோஷம். பக்கத்துக் காம்பராவில் அதற்குள் யாரோ அடுப்பு மூட்டியிருந்தார்கள்.

எங்களுக்குக் கொடுத்த காம்பராவைக் கூட்டிப் பெருக்க நானும் அம்மாவும் போனோம். கதவு திறக்கவில்லை. அம்மா தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

"மழைக்கு மரம் ஊதிருச்சு" என்றார்.

நான் பையிலிருந்து நூல்கட்டையை எடுத்தேன். லயத்துக் காம்பராக்களின் தரை வாசலைப் பார்த்துத்தான் சரிந்திருக்கும். தரை நடுவில் வைத்துக் கையை எடுத்தேன். அது கொஞ்சம் யோசிப்பதுபோல நின்றது. பிறகு மெதுவாக உள்ளே உருண்டு, மலைப்பக்கத்துச் சுவரில் முட்டியது.

கைப்பிடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பக்கத்துக் காம்பராவின் கதவைத் தட்டினேன்.