ஸ்பேனரில் இருந்த பொட்டு

போன வாரம் ஸ்கூட்டரை வாட்டர் வாஷுக்கு விட்டிருந்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு முன்பக்கம் காய்ந்து வெடித்துப் போயிருந்தது. குழாயைப் பிடித்திருந்தவர் என்னைவிட மூத்தவர். தண்ணீரைத் திறக்காமல் நின்று, "ஏனுங்க, பொட்டு இருக்குதுங்க. அழிச்சுரலாங்களா?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். "அது மட்டும் இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். இந்தக் கேள்வியை ஒரு காலத்தில் நான் கேட்டிருக்க வேண்டும். உங்களிடம் சொல்வதற்கென்ன, இதை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது சரவணம்பட்டியில் ஒரு மாடி அறையில் நானும் ஷாஹினாவும் பரிசுப் பொருள் செய்து விற்றுக்கொண்டிருந்தோம். அவள் கல்லூரியில் என்னோடு படித்தவள், உக்கடத்துக்காரி. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா அங்கே படச்சட்டம் போடும் கடை வைத்திருந்ததால் சட்டத்துக்கு எங்களுக்குக் கவலையில்லை. நான் பலகையில் மையால் படம் வரைவேன். மீதிப் படத்தைப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய சாமான்களால் முடிப்போம். நட்டு கண்ணாகும், சைக்கிள் செயின் தும்பிக்கையாகும், மில்லில் கழித்துப்போட்ட நூல் சுற்றும் பாபின்கள் தென்னை மரமாகும். ஐடி கம்பெனிப் பிள்ளைகள் வேலையை விட்டுப் போகும் நண்பனுக்குக் கொடுக்க, கீபோர்டு பட்டன்களை ஒட்டி அவனுடைய மேனேஜர் முகத்தைச் செய்யச் சொல்வார்கள். எல்லா மேனேஜர்களும் ஒரே ஜாடையில் அமைந்தார்கள். என் கைத்திறமை அவ்வளவுதான். யானைப் படம் நன்றாக விற்றது, தொண்டாமுத்தூர்க்காரர் ஒருவரைத் தவிர. "தெனமும் தோட்டத்துக்கே வந்து வாழையத் தின்னுபோட்டுப் போகுதுங்க. அதைய செவுத்துல வேற மாட்டோணுங்களா?" என்றவர், ஒரு மயிலை வாங்கிக்கொண்டு போனார்.

அறை முழுக்க எப்போதும் சீமெண்ணெய் வாடை. துணியில், தலைமுடியில், மத்தியானச் சாப்பாட்டில்கூட அது இருக்கும். பிசுக்கு இருந்தால் இரும்பில் பசை பிடிக்காது என்பதால், எது வந்தாலும் முதலில் சீமெண்ணெய் வாளியில் ஊறப்போட்டு, கம்பி நாரால் தேய்த்து, துணியால் துடைத்து வைத்துவிடுவோம். எங்கள் ஊர்ப் பழைய இரும்பு பெரும்பாலும் பொட்டோடுதான் வரும். பட்டறைக்காரர்கள் வருஷா வருஷம் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அது தோலைப் போல ஒட்டியிருக்கும். ஷாஹினா அதை மட்டும் தொடமாட்டாள். "சாமிக்குன்னு வெச்சது. நான் அழிக்கமாட்டேன், நீயே செஞ்சுக்க" என்பாள். எனக்குச் சிரிப்பாக வரும். சாமி கும்பிடுகிறவள் நான், தயங்குகிறவள் அவள். அதனால் கழுவுகிற வேலை முழுக்க என் பங்குக்கு வந்துவிட்டது.

ஒரு புரட்டாசி மாதம் பெருந்துறையிலிருந்து ருக்மணி அக்கா வந்தார். பங்குனியில் கணவரை இழந்தவர். மாரடைப்பு. கணவர் நடத்திய லேத் பட்டறையை அதன்பின் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து, கணவருடைய மூக்குக்கண்ணாடி, அளவு பார்க்கும் வெர்னியர், பெரிய ஸ்பேனர் ஒன்று, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார். இவற்றை வைத்துப் பட்டறையை ஒரு படமாகச் செய்து தரவேண்டும், அவர் இல்லாத முதல் ஆயுத பூஜைக்கு அங்கே மாட்ட வேண்டும். "எல்லாம் இருக்கற மாதிரியே இருக்கோணுங்க அம்மணி" என்றார். வெட்டக்கூடாது, வளைக்கக்கூடாது என்று நான் புரிந்துகொண்டேன். பொட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் வைத்த பொட்டை இன்னொருவர் அழிப்பார் என்று எதற்காக நினைக்கப்போகிறார்?

மறுநாள் காலையில் வந்ததும், கை பழக்கத்தில், டப்பாவில் இருந்த இரும்பையெல்லாம் வாளியில் போட்டேன். ஸ்பேனரில் பொட்டு இருந்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆயிரம் பொட்டுகளில் அதுவும் ஒன்று என்று தேய்த்தேன். ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நானும் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

ஷாஹினா வந்து ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல பொட்டு இருந்துச்சே, எங்கடி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன ஆயுத பூஜைக்கு அந்த மனுஷர் தன் கையால் வைத்தது. அதற்கப்புறம் அவர் வைக்கவில்லை. இனி வைக்கவும் மாட்டார். வாளிக்குள் கையை விட்டுக் கம்பி நாரை எடுத்துப் பார்த்தேன், அதில் என்ன இருக்கும் என்று நினைத்தேனோ.

"அந்தக்காகிட்ட சொல்லிரலாம்" என்றாள் ஷாஹினா.

நான் சம்மதிக்கவில்லை. பலகையில் அடுக்கிப் பார்க்க அவள் முந்தைய நாள் போனில் எடுத்த படத்தில் பொட்டு இருந்த இடம் தெரிந்தது. பெரிதாக்கினால் சிவப்பாகக் கலங்கியது, அவ்வளவுதான். இடம் தெரிந்தால் போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டிலிருந்து சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்து, மோதிர விரலால் அழுத்தமாக, வட்டமாக ஒரு பொட்டு வைத்தேன். விசிறிக் காற்றில் காயவைத்து, லேசாகப் புகையும் எண்ணெயும் காட்டிப் பழசாக்கினேன். உண்மையாகவே நன்றாக வந்திருந்தது. நான் செய்த படங்களில் அதுதான் சிறந்தது என்று அன்றைக்கு மனதுக்குள் பெருமைகூடப் பட்டேன். நினைத்தால் இப்போது கூசுகிறது.

ருக்மணி அக்கா படத்தைப் பார்த்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைத் தடவினார். வெர்னியரைத் தடவினார். விரல் ஸ்பேனருக்கு வந்ததும் அப்படியே நின்றது. விரலை அங்கிருந்து எடுக்கவில்லை.

"அவருக்கு மோதர வெரலு நுனி லேத்துல போயிருச்சுங்க, கலியாணத்துக்கு முன்னாலயே" என்றார், மெதுவாக. "அவரு பொட்டு வெச்சா பாதியாத்தானுங்க உழும். நான் கேலி பேசுவனுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, எனக்காக அவரே ஒரு வழியும் திறந்துவிட்டார்.

"தண்ணி கிண்ணி பட்டுருச்சுங்களா கண்ணு?"

"ஆமாங்க" என்றேன்.

"செரி, உடுங்க. படம் நல்லா இருக்குதுங்க" என்று சொல்லி, துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். கடைசிப் படியில் நின்று, "வாரனுங்க" என்றும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நான் இத்தனை வருஷம் இதைச் சுமந்திருக்கமாட்டேன்.

"தண்ணி படலடி" என்றாள் ஷாஹினா. அவ்வளவுதான் சொன்னாள். அதன்பிறகும் ஒரு வருஷம் சேர்ந்து வேலை செய்தோம். ஆனால் கழுவுவதற்கு முன்னால் ஒவ்வொரு சாமானையும் என் கையிலிருந்து வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தருவாள். பிறகு அவள் கல்யாணமாகி ஷார்ஜா போய்விட்டாள். பெருநாளுக்கு நான் வாழ்த்து அனுப்புவேன், தீபாவளிக்கு அவள் அனுப்புவாள். அந்த மாடி அறையில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். அவளுடைய அத்தாவின் கடை இல்லை. ரேஷனில் சீமெண்ணெய்கூடத் தருவதில்லை, அந்த வாடை தலைமுடியை விட்டுப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது.

ஸ்கூட்டர் பளிச்சென்று வந்து நின்றது. பொட்டைச் சுற்றிக் கையால் துடைத்து, அதை மட்டும் விட்டிருந்தார் அந்த மனிதர். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நினைவுபடுத்திப் பார்த்தேன். அந்தப் பாதிப் பொட்டைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தது நான்தான். அது எந்தப் பக்கம் குறைந்திருந்தது என்று ருக்மணி அக்கா என்றைக்காவது வந்து கேட்டால், சொல்ல எனக்குத் தெரியாது.