விரால் குஞ்சுகளும் என் கூச்சலும்

விலங்கியல் படிக்கும் என் மகள், கல்லூரிக் கண்காட்சிக்காகக் குளத்து மீன்களைப் படமெடுக்கப் போயிருந்தாள். கேமரா, கல்யாண வீடியோ எடுக்கும் அவள் மாமாவுடையது. மதியச் சாப்பாட்டுக்கு வராததால் தேடிப் போனேன்.

கரையில் ஸ்டாண்டின் மேல் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரோரம் அவளுடைய செருப்புகள் கிடந்தன. அவளைக் காணவில்லை. அவளுக்கு நீச்சல் தெரியாது. பெயரைச் சொல்லி அலறிக்கொண்டே சட்டையோடு இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் கைகளால் துழாவினேன்.

"யப்பா! நான் இங்கன இருக்கேன்! வெளிய வாங்கப்பா, விரால் குஞ்செல்லாம் கலையுது!"

எதிர்க்கரை மரத்தடியிலிருந்து ஓடிவந்தாள். ஆள் நிழல் விழுந்தாலும் செருப்புச் சத்தம் கேட்டாலும் மீன் வராதாம். அதனால் கேமராவை ஓடவிட்டு, வெறுங்காலோடு விலகிப் போயிருக்கிறாள். திட்ட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. இருவரும் கரையிலேயே சற்றுத் தள்ளிப்போய் உட்கார்ந்துவிட்டோம்.

மறுநாள் என் மைத்துனன் வீட்டில், மாமனும் மருமகளும் இரண்டு வீடியோ கேசட் டெக்குகளை இணைத்துப் படத்தை வெட்டி ஒட்டினார்கள். திரையில் செந்நிறக் குஞ்சுகள் திரளாக மிதந்தன. திடீரென்று என் அலறல், என் கால்கள், கலங்கிய சேறு.

"அத்தான், மீன விட நீங்கதான் நல்லா நடிச்சிருக்கீய!" என்றான் மைத்துனன்.

கேமரா அதன் பிறகும் ஓடியிருக்கிறது. சேறு மெல்லப் படிந்தது. சிதறிய குஞ்சுகள் ஒவ்வொன்றாக மேலே வர, அடியில் தாய் விரால் வந்து சுற்றியது. எல்லாம் திரும்பிவிட்டனவா என்று அதற்குத் தெரிந்திருக்குமா? எனக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அது என் பக்கத்தில் உட்கார்ந்து, "இத மட்டும் வெட்டிராதீங்க மாமா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தது.