சங்கையாவின் ஆறு பக்கங்கள்

நம்பாதவர்கள் இப்போதே அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம். இது நடந்தது பட்டப்பகலில். இடம் வண்டன்மேடு. போன ஆகஸ்ட், சனிக்கிழமை.

என் பெயர் அருள்குமார். கொல்லங்கோட்டுக்காரன். வயோலா வாசிப்பவன். வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியம். எத்தனையோ பெரிய சிம்பொனிகள் வாசித்த கை இது. அதற்கு வந்த வாழ்வைப் பாருங்கள்... ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்துச் செத்துப்போன சங்கையா என்பவர் எழுதிய சிம்பொனி! அதன் மூன்றாம் பகுதியில், வயோலாவுக்கு ஆறு பக்கமும் ஒரே ஸ்வரம். இதற்கு நான் எதற்கு? காலிங் பெல் போதும்.

அவர் மகள் செல்வப்பிரியாவிடம் சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, அந்த ஆறு பக்கத்த வெட்டுங்க. இல்லீன்னா நான் இப்பவே பஸ் ஏறிர்றனுங்க."

"அப்பா ஒருதடவகூட இதக் கேக்காமலே போயிட்டாருண்ணே. நாளைக்கு முழுசா வாசிக்கணும்." குரல் உடைந்தது. "தனியா ஒருதடவ வாசிச்சுப் பாருங்க. அப்பவும் வேண்டாம்னா வெட்டிருவோம்."

எங்களில் இருவருக்கு ஒரு ஸ்டாண்டு. ஒருவர் நிறுத்தாமல் வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் தாளைத் திருப்புவார். எனக்குத் திருப்பும் மூணாறு ஈஸ்வரன் டீ குடிக்கப் போயிருந்தான். சங்கையா வேலை பார்த்த ஸ்டோரின் ஹாலில்தான் ஒத்திகை. அங்கே நான் மட்டும்.

மணி 4.10. வெளியே மூடுபனி. கரண்ட் இல்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தேன்.

4.12. இரண்டாம் பக்கம் முடிந்தது.

சரக்... தாள் திரும்பியது.

காற்று என்று நினைத்தேன். ஜன்னலைப் பார்த்தேன். சாத்தியே இருந்தது.

4.14. நான்காம் பக்கம். கடைசி வரிக்கு முன்பே தாளின் ஓரம் மெல்ல எழும்பியது. காத்திருந்தது. சரியான நொடியில்... சரக்.

பத்து வருடத்தில் ஈஸ்வரன் இவ்வளவு சுத்தமாகத் திருப்பியதில்லை.

நிறுத்த நினைத்தேன். கை நிற்கவில்லை.

பக்கத்து நாற்காலி... க்ரீச்.

காலை ஒத்திகையில் மற்றவர்கள் வாசித்தது காதில் ஓடியது. அப்போதுதான் புரிந்தது. மற்ற வாத்தியங்கள் அத்தனையும் என் ஒற்றை ஸ்வரத்தின் மேல்தான் நிற்கின்றன. நான் விட்டால் எல்லாம் சரியும்.

விடவில்லை.

4.17. முடிந்தது.

காதோரம்... ஒரு பெருமூச்சு.

கதவு திறந்தது. ஈஸ்வரன்.

"என்னண்ணே, காலிங் பெல்ல இந்த அழுத்து அழுத்துதீக?"

தாளைப் பார்த்தேன். அன்று காலைதான் பிரிண்ட் போட்டது. திருப்பிய இரண்டு தாளிலும் ஓரத்தில் விரல் பட்டதுபோல் ஏலக்காய்க் கறை. முன்பக்கம் அகலமாக ஒன்று. பின்பக்கம் மிகச் சின்னதாக ஒன்று.

"வெட்ட வேண்டாமுங்க" என்றேன் செல்வப்பிரியாவிடம். மறுநாள் முழுதும் வாசித்தோம். முதல் இரண்டு பகுதியும் குப்பைதான். இன்றும் சொல்வேன்.

கச்சேரி முடிந்ததும் அந்தக் கறையை அவளிடம் காட்டினேன். அவள் முகம் வெளுத்தது.

"ட்ரையர்ல மாட்டி அப்பாவுக்கு வலது கையில நடு மூணு வெரலும் போயிருச்சுண்ணே. பெருவெரலும் சுண்டுவெரலுந்தான் மிச்சம். அத வச்சுத்தான் நோட்டுப் பக்கம் திருப்புவாரு..."