சேற்றுக்கரை ஒழுங்கையில் ஒருவரும் கடலுக்குப் போகாத நாள்

மற்றவர்களுக்குப் பதற்றம் வந்தால் வாய் உலரும். எனக்கு வாய் திறந்துகொள்ளும். அப்படித் திறந்ததால்தான் ஒரு நாள் துறைமுகத்துச் சேற்றுக்கரை ஒழுங்கையிலிருந்து ஒரு படகுகூடக் கடலுக்கு இறங்காமல் போனது.

நாட்டுச் சனத்தை எண்ணும் குடிசன மதிப்பீடு தொடங்கியிருந்தது. என் ஓட்டோவில் மைக்கும் ஸ்பீக்கரும் எப்போதும் இருக்கும். கலியாணம், செத்தவீடு, காணாமற்போன ஆடு எல்லாவற்றையும் ஊருக்கு அறிவிப்பவன் நான். கிராம சேவகர் கூப்பிட்டு, "வீடு வீடா வரப்போகினம், சனத்தை ஒத்துழைக்கச் சொல்லும்" என்று அரைப் பக்கத் துண்டு ஒன்றைத் தந்தார்.

சேற்றுக்கரையில் பதினாலு வீடு. ஓலையும் தகரமும். அங்கே மீன் விற்கும் அக்கா ஒருத்தி தண்ணீர்க் குழாய் கேட்டு அலுவலகத்துக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: "அதில வாடிகள்தானே, ஆட்கள் இல்லையே." பருவத்துக்கு வந்து போகும் மீனவர்கள் போடும் கொட்டிலைத்தான் வாடி என்பது. இவர்களோ அங்கேயே பிறந்து அங்கேயே கலியாணம் செய்தவர்கள்.

நான் மைக்கோடு போனபோது அக்கா ஓட்டோவை மறித்தாள். "தம்பி, இந்த முறையெண்டாலும் எங்களை ஆட்களெண்டு எழுதுவினமோ?"

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பதற்றம். துண்டில் இல்லாத ஒரு வசனம் ஸ்பீக்கரில் முழங்கியது: "நாளைக்குக் காலையில் வருகிறார்கள்! வீட்டில் இல்லாதவர் நாட்டில் இல்லாதவர்!"

சந்தம் நன்றாக இருந்ததால் மூன்று தரம் சொன்னேன்.

அடுத்த நாள் காலை போய்ப் பார்த்தால் பதினாலு வாசலிலும் கதிரை. கலியாணச் சட்டையோடு ஆண்கள். மடியில் பிறப்புச் சான்றிதழ்ப் பைகள். பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்தப் பாவமும் என்னுடையதுதான். கீரிமீன் வலையில் நல்லாய்ப் படுகிற கிழமை அது. மூன்று படகு வைத்திருந்த சம்மாட்டி அண்ணை கடலைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"எத்தினை மணிக்கடா வருகினம்?"

"இப்ப வந்திடுவினம், அண்ணை."

பத்து மணியானது. என் மனைவி போன் எடுத்தாள். எங்கள் வீதியும் அதே கணக்கெடுப்பாளரின் பகுதிதான்.

"உங்கட விபரமும் நான் குடுத்திட்டன்."

"நான் இல்லாமலோ?"

"வீட்டில ஒராள் இருந்தாப் போதுமாம். நீங்கள் இல்லாதபடியாக் கெதியா முடிஞ்சுது. இதுதான் கடைசி வீடாம். கணக்கெடுக்க வந்த பிள்ளை பஸ்ஸுக்குப் போகுது."

ஓட்டோவிலேயே தப்பி ஓடலாமா என்று யோசித்தேன். அடுத்த பட்டினமான கந்தளாய் வரைக்கும் போகப் பெற்றோல் காணாது.

"ஆரடா போனில?" என்றார் சம்மாட்டி.

"மனிசி, அண்ணை."

"ஏன் இப்பிடி வேர்க்குது?"

"மனிசி எண்டபடியாத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அன்று அவள் சந்தைக்கும் போகவில்லை. "வருவினம்தானே, தம்பி?" என்று மட்டும் கேட்டாள். நான் ஓட்டோச் சாவியைத் தேடி எடுத்தேன்.

சம்மாட்டி எழுந்தார். "மத்தியானம் மட்டும் பார்ப்பன். வராட்டி படகை இறக்கிறன். பிறகு பேப்பரோட ஒருத்தனும் இந்த ஒழுங்கைக்குள்ள கால் வைக்கப்படாது."

ஓட்டோவை விரட்டிக்கொண்டு போய், பஸ் தரிப்பிடத்தில் அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டேன். இளம் ஆசிரியை. விபரம் பதியும் டெப் கணினியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள்: "ஐயா, என்ர பகுதி முடிஞ்சுது. முதல்ல வீடுகளைப் பட்டியல் போட்டவை, அது வாடிகள், ஆக்கள் இல்லையெண்டுதான் போட்டிருக்கினம்."

"தங்கச்சி, ஆளில்லாத அந்த இடத்தில பதினாலு வீட்டு ஆம்பிளையளும் எனக்கு அடிக்கக் காத்துக்கொண்டு இருக்கினம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்துக் கேட்டாள். "நேரில் போய்ப் பார். குடும்பங்கள் இருந்தால் புதிதாகச் சேர்த்து எழுது" என்றாராம்.

ஒழுங்கை வாசலில் ஓட்டோவிலிருந்து இறங்கியவள் அப்படியே நின்றாள். வேறு எந்த நாளில் வந்திருந்தாலும் பூட்டிய கதவும் காயும் வலையும்தான் கண்ணில் பட்டிருக்கும். ஆண்கள் கடலில், பெண்கள் சந்தையில். முதலில் பட்டியல் போட வந்தவரும் அதைத்தான் கண்டிருப்பார். இன்றைக்கோ ஐம்பத்தொரு பேர் எழுந்து நின்றார்கள். எல்லாம் என் திட்டம் என்று பிறகு சிலரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை.

முதல் வீடு அக்காவுடையது. பெயர், வயது, தொழில் என்று போய்க்கொண்டிருந்தபோது, "குடிக்கிற தண்ணி எங்கயிருந்து?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

அக்கா டெப்பை எட்டிப் பார்த்தாள். "உங்கட பட்டியலில அந்தக் கேள்வியும் இருக்கோ?" என்றாள்.

"ஓம், அக்கா."

"றோட்டுக் குழாய். ஒரு நாளைக்கு ஆறு குடம்."

"எத்தினை குடமெண்டு இதில எழுத ஏலாது."

"எழுதாட்டியும் பரவாயில்லை. கேட்டியளே, பிள்ளை."

மூன்றாவது வீட்டில்தான் வினை வந்தது. "ஒராள் இருந்தாப் போதுமே, ஏன் எல்லாரும் வேலைக்குப் போகாமல் நிக்கிறீங்கள்?" என்று அவள் அப்பாவியாகக் கேட்டுவிட்டாள். ஐம்பத்தொரு பேரும் திரும்பினார்கள். நான் ஓட்டோவுக்குப் பின்னால் போய்ச் சில்லில் காற்று இருக்கிறதா என்று பார்த்தேன்.

"அவனைப் பிடியுங்கடா!" என்றார் சம்மாட்டி.

"விடுங்கோ அண்ணை" என்றாள் அக்கா. "நீங்கள் கடலுக்குப் போயிருந்தா இண்டைக்கும் நாங்கள் வாடிதான்."

 சம்மாட்டி தண்டனையைக் குறைத்தார்: பின்னேரம் மூன்று படகையும் தண்ணீருக்குள் தள்ளக் கை கொடுக்க வேண்டும். தள்ளினேன். இடுப்பு ஒரு கிழமைக்கு நிமிரவில்லை.

அடுத்த மாதம் அக்கா கணக்கெடுப்பில் தன் கதவில் ஒட்டிய இலக்கத்தை எழுதிக்கொண்டு மறுபடி அலுவலகத்துக்குப் போனாள். இந்த முறை வாடிக் கதை வரவில்லை. விண்ணப்பத்தை வாங்கி முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். குழாய் இன்னும் வரவில்லை. ஆனால் நேற்று அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். வேலியோரம் கிடந்த மீன்பெட்டிகளை எல்லாம் ஒதுக்கி, றோட்டிலிருந்து தான் சமைக்கிற குசினி வரைக்கும் ஒரு முழ அகலத்தில் நேர்கோடாக இடம் விட்டிருக்கிறாள் அக்கா.