அடி அண்ணாமலையில் வாய் திறக்காத வால்வு ரேடியோ

ராஜமாணிக்கத்துக்கு மூக்குக்கு மேலே கோபம். வால்வு ரேடியோவை யாராவது மட்டமாகப் பேசிவிட்டால் போதும், கையிலிருக்கும், ஈயம் பற்றவைக்கிற சால்ட்ரிங் அயனைக் கீழே வைக்காமலே சண்டைக்குக் கிளம்பிவிடுவார். திருவண்ணாமலை தேரடித் தெருவில் அவருடைய ரிப்பேர் கடை. எதிர்ச்சாரியில் மனைவியின் தம்பி தசரதன் டிரான்சிஸ்டர் கடை வைத்திருந்தான்.

"இன்னும் எத்தினி நாளைக்கு மாமா இந்தப் பொட்டியக் கட்டிகினு அழுவீங்க? எங்கடைக்கு வந்துடுங்க" என்று அவன் கூப்பிடாத நாளில்லை. அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

எண்பத்தொன்றாம் வருஷம், அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் பாஞ்சாலை ஒரு பெரிய வால்வு ரேடியோவைக் கொண்டுவந்து இறக்கினாள். ஆசிரமத்துப் பக்கம் வீட்டைக் காலி செய்துகொண்டு போன வெள்ளைக்காரம்மா ஒருத்தியிடம் வாங்கியதாம். ராஜமாணிக்கம் மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினார். உள்ளே பட்டுப்போன ஒரு கண்ணாடி வால்வுக்கு மாற்று தேடிச் சென்னையில் இரண்டு நாள் அலைந்தார். "இதோட சரி, இனிமே கேக்காதீங்க" என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார்.

கடையில் ரேடியோ தெருவே திரும்பிப் பார்க்கும்படி பாடியது. பாஞ்சாலையின் வீட்டிலோ, சாயங்காலமானால் முனகியது. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தாள். கடையில் போட்டால் மறுபடி பாடியது. இப்படி மூன்று முறை. கழற்றிப் பார்க்காத இடமில்லை, ஒரு குறையும் கிடைக்கவில்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"உங்க கடையில கச்சேரி பண்ணுது, எங்கூட்டுக்கு வந்தா வாயில கொழுக்கட்டைய வெச்சுக்குது. உங்களால ஆவலைன்னா சொல்லிடுங்க, வேற எடம் பாத்துக்கறேன்" என்றாள் பாஞ்சாலை.

அது சுருக்கென்று தைத்தது. "இன்னிக்கு உங்கூட்ல பாடலைன்னா நான் இனிமே வால்வத் தொடமாட்டேம்மா. எதிர்க்கடையில போய் டிரான்சிஸ்டர் வித்துப் பொழைச்சுக்கறேன்" என்று தசரதன் காதில் விழும்படியே கத்தினார்.

அன்று சாயங்காலம் சைக்கிள் கேரியரில் ரேடியோவைக் கட்டிக்கொண்டு அவரே போனார். போட்டதும் அதே முனகல். எரிச்சலோடு அண்ணாந்து பார்த்தார். பல்பு மஞ்சளாக அழுது வடிந்தது. வீட்டுக்குப் பின்னால் கழனிகளில் பம்புசெட்டுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. தலையில் அடித்துக்கொண்டார். வோல்டேஜே இல்லை! இத்தனை நாள் பெட்டியைக் குடைந்தவருக்கு, ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் இங்கே வந்து பார்க்கத் தோன்றவில்லையே.

ரேடியோவின் முதுகில், கரண்டுக்குத் தகுந்தபடி மாற்றிச் செருகும் முளை ஒன்று உண்டு. அதைக் கம்மி வோல்டேஜுக்கு மாற்றினார். அவ்வளவுதான், நாடகம் ஒன்று கணீரென்று கிளம்பியது. பாஞ்சாலை பாலை அடுப்பில் மறந்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மோட்டாருங்க ஓடற வரைக்கும்தாம்மா. நின்னா வோல்டேஜ் ஜாஸ்தியாயிடும், கருகிடும். நாளைக்கு ஸ்டெபிலைசர் கொண்டாந்து மாட்டிடறேன்."

"பத்து மணிக்கு முன்னாடி எவன் நிறுத்தப் போறான்? பாடட்டும் வுடுங்க."

அக்கம்பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து குந்தினார்கள். "இன்னா சத்தம்யா!" என்று ஒருவர் வியந்தார். அந்தப் பேச்சில் ராஜமாணிக்கம் குளிர்ந்துபோயிருந்தார். பல்பு வெள்ளையாகப் பளிச்சிட்டதை அவர் கவனித்தபோது கருகல் நாற்றம் வந்துவிட்டது. பாய்ந்து பிடுங்குவதற்குள் உள்ளே பளீரென்று ஒரு வெளிச்சம், பிறகு சத்தமில்லை.

"எவன்யா மோட்டார நிறுத்துனது?" என்று அலறினார்.

பக்கத்துக் கழனிக்காரர் சின்னசாமி, காலில் சேறு காயாமல் நின்றிருந்தவர், மிரண்டுபோய்ச் சொன்னார்: "நாங்கதாங்க. நாடகம் நல்லா கேக்கட்டும், நடுவுல மோட்டார் சத்தம் எதுக்குன்னு எல்லாருமா நிறுத்திட்டு வந்தோம்."

ராஜமாணிக்கத்தால் திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

"வேற வால்வு போட்டுடலாங்களா?" என்று பாஞ்சாலை மெல்லக் கேட்டாள்.

"அதான்மா கடைசி."

பாதி நாடகத்தில் நின்றதைப் பாடியதாகக் கணக்கு வைக்க அவருக்கு மனம் வரவில்லை; சொன்ன சொல்லைக் காப்பாற்ற, திங்கட்கிழமை எதிர்க்கடைக்கு வேலைக்குப் போனார். அந்த வாரமே சின்னசாமி அங்கே வந்து நின்றார்.

"அன்னிக்கு பாஞ்சாலை வூட்ல கேட்டமே, அந்த மாதிரி சத்தம் வர்றதா ஒண்ணு குடுங்க."

ராஜமாணிக்கம் ஆறு டிரான்சிஸ்டர்களைப் பாட வைத்துக் காட்டினார். ஆறுக்கும் சின்னசாமி உதட்டைப் பிதுக்கினார். ஏதாவது சொல்லி ஒன்றை அவர் தலையில் கட்டிவிடுங்கள் என்று தசரதன் கண்ணால் ஜாடை காட்டினான்.

"அந்த மாதிரி இதுல வராதுங்க" என்றார் ராஜமாணிக்கம். சொல்லிவிட்டு, ஆறையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார்.