எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்த நோய்

ஒரகடத்தில் அப்பா வேலை பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலையில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டியபோது, அதில் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வல்லக்கோட்டை முருகனுக்குச் சாத்திய மாலையை அதன் கழுத்து என்று அம்மா நினைத்த இடத்தில் போட்ட பிறகுதான் சுவிட்சைத் தட்டினார்கள். பாலிடெக்னிக்கில் படித்த அக்காவுக்கு அதில் ப்ராஜெக்ட் அடிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் வகுப்பு படித்த எனக்குச் சீட்டு விளையாட வேண்டியிருந்தது. அது இரண்டுக்கும் ஒத்துழைக்கவில்லை.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிடும். பிறகு 'பீப்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அக்கா அடித்து வைத்த பக்கங்கள் போன இடம் தெரியாது. சில நாள் இப்படி அடிக்கடி நடக்கும். சில நாள் சமர்த்தாக இருக்கும்.

வைரஸ் என்றாள் அக்கா. வைரஸ் என்றால் காய்ச்சல் என்று அறிந்திருந்த அம்மா, திரையின் நெற்றியில் விபூதி பூசினாள். சந்தேகத்தின் பேரில் என் சீட்டாட்டம் தடை செய்யப்பட்டது.

அப்பா தொழிற்சாலையில் சூப்பர்வைசர். "லைன் நின்னுச்சின்னா அதுக்கு ஒரு காரணம் கீது. சும்மா எதுவும் நிக்காது" என்று சொல்லி, பெட்டியைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினார். உள்ளேயிருந்து ஒரு பச்சைப் பட்டையை உருவி, என் ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்து மாட்டினார். மறுநாளே அது மறுபடி படுத்தது. கடைசியில் சிங்கப்பெருமாள் கோவில் ஊரிலிருந்த ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே அது ஒருமுறைகூட அணையவில்லை.

"இங்க நல்லாத்தான் ஓடுது. உங்க வூட்ல இன்னா சார் பண்றீங்க?" என்று கடைக்காரர் கேட்டதில் அப்பாவுக்கு மனத்தாங்கல்.

"பக்கத்துலயே எலக்ட்ரீசியன வெச்சிகினு ஊரெல்லாம் சுத்தணுமா?" என்றாள் அம்மா.

அந்த எலக்ட்ரீசியன் என் சித்தப்பா. வேறொரு கம்பெனியில் வேலை. எங்கள் வீட்டின் மறுபாதியில்தான் குடியிருந்தார். நிலம் கம்பெனிக்குப் போனபோது அண்ணன் தம்பிக்குள் ஏதோ பேச்சு வந்து, கூடத்தின் நடுவே சுவர் எழும்பியிருந்தது. காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட இருவரும் நிறுத்தத்தின் இரு முனைகளில் நிற்பார்கள். சொல்ல வேண்டியது எதுவானாலும் என் வழியாகத்தான் போகும், வரும். எல்லா வீட்டிலும் கடைக்குட்டிகளுக்கு இதுதான் வேலை என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டில் வடை தின்றுகொண்டிருந்தேன். சித்தி போய்க் கிணற்று மோட்டாரைப் போட்டாள். சுவருக்கு அப்பால் அப்பாவின் குரல்: "அடச்சே! போச்சு!"

நானும் சித்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சித்தி மோட்டாரை அணைத்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி போட்டாள். இந்தமுறை அக்கா: "ஐயையோ!"

வடையோடு ஓடிப்போய், சித்தி மோட்டார் போடும்போதுதான் இது அணைகிறது என்றேன்.

"இன்னாடி உளர்ற?" என்றார் அப்பா. ஆனால் அவர் கண் மின்னியது. உடனே சோதனை ஆரம்பமானது. நான் ஓடிப்போய் மோட்டார் போடச் சொல்ல வேண்டும், திரும்பி வந்து போட்டாயிற்று என்று சொல்ல வேண்டும். போட்ட கணத்தில்தான் திரை போனதா என்று அதில் எப்படித் தெரியும்? இன்னொரு தரம் போகச் சொன்னபோது வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னால ஓட முடியாது. நீயே சொல்லு."

அப்பா சுவரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டேய்... மோட்டாரப் போடு!"

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது. பிறகு சித்தப்பாவின் குரல், கொஞ்சம் கரகரத்து:

"போடறேண்ணா!"

மின்விசிறி தயங்கியது. திரை கறுத்தது.

"போச்சுடா! போச்சு!" என்று அப்பா கைதட்டினார். ஒரு பொருள் கெட்டதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவரை நான் பார்த்ததில்லை.

"வூட்டப் பிரிச்சோமே தவிர வயரப் பிரிக்கலியேண்ணா. மெயின் போர்டுல எங்கியோ லூசா கீது. வந்து பாக்கட்டா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியாடா?"

சித்தப்பா டெஸ்டரோடு எங்கள் வாசல் வழியாக உள்ளே வந்தார். மெயினை அணைத்துவிட்டு, போர்டைத் திறந்து, கருகியிருந்த ஒரு வயரைச் சுரண்டி இறுக்கினார். அப்பா டார்ச் பிடித்தார். இருவரும் வயரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர்.

"அழாதம்மா, கம்ப்யூட்டர் சரியாயிடும்" என்றேன். அவள் சிரித்தாள், சிரிக்கச் சிரிக்க இன்னும் அழுதாள்.

சித்தப்பா தம் பக்கம் போய் மோட்டாரைப் போட்டார்.

"நின்னுச்சாண்ணா?"

"நிக்கலடா!"

"இன்னொரு தபா பாக்கலாமா?"

"பாரு!"

மறுபடியும் போட்டார். கம்ப்யூட்டர் அசையவில்லை. மறுபடியும் கேட்டார், அப்பா மறுபடியும் கத்தினார். கொல்லையில் தொட்டி நிரம்பி, தண்ணீர் வாழைப்பாத்தியைத் தாண்டித் துவைக்கிற கல் வரை வந்துவிட்டது.

"அதான் சரியாயிடுச்சே! தண்ணி வழியுது, நிறுத்துங்க!" என்று இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி ஓடிச் சொன்னேன். பெரியவர்களுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

யாரும் என்னைக் கவனிக்கவில்லை. "இன்னொரு தபா போடுடா!" என்று சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார் அப்பா.